ஜி7, ஜி20 மாநாடுகளில் உண்மையில் ஏதாவது முடிவாகிறதா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஜி7 (ஏழு பணக்கார நாடுகள்), ஜி20 (அவற்றோடு இந்தியா, சீனா போன்ற பெரிய பொருளாதாரங்கள்), பிரிக்ஸ் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட குழு) என்று பெரிய நாடுகளின் தலைவர்கள் ஆண்டுக்கொருமுறை கூடுகிறார்கள். இந்தக் குழுக்களுக்குச் சாசனம் கிடையாது, நிரந்தரச் செயலகம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, மீறினால் தண்டனையும் கிடையாது. அப்படியிருக்க, இரண்டு நாள் கூடிப் பேசுவதில் ஏதாவது முடிவாகிறதா, இல்லை எல்லாம் புகைப்படத்துக்காகவா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முடிவை யார், எப்போது எடுக்கிறார்கள் என்பது ஒன்று. சட்டப்படி கட்டுப்படுத்தாத ஒரு வாக்கை ஒரு நாடு எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு தெளிவானது. மாநாட்டு நாள் என்பது ஒரு கெடு. முடிவுகளில் பெரும்பகுதி அதற்கு முந்தைய மாதங்களில் அதிகாரிகள் மட்டத்தில் எடுக்கப்பட்டுவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில், அந்த வாக்கை மாநாட்டுக்குப் பிறகு யார் கையில் ஒப்படைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விரிவாகச் சொல்கிறேன்.

ஐ.நா.வுக்கு 1945இல் எழுதிய சாசனம் இருக்கிறது. பன்னாட்டு நிதியத்துக்கு (ஐஎம்எஃப்) ஒப்பந்த விதிகள், பங்குத்தொகை, வாக்குரிமை எல்லாம் உண்டு. ஜி7க்கும் ஜி20க்கும் இருப்பது சுழற்சி முறையில் மாறும் தலைமைப் பொறுப்பு மட்டும்தான். ஜி7இல் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு நாடு, ஜி20இல் டிசம்பர் 1 முதல் அடுத்த நவம்பர் 30 வரை ஒரு நாடு. அந்த ஆண்டில் செயலகம், செலவு, நிகழ்ச்சிநிரல் எல்லாமே அந்த நாட்டின் பொறுப்பு. தொடர்ச்சி அறுபட்டுப் போகாமலிருக்க ஜி20இல் முந்தைய தலைமை, இப்போதைய தலைமை, அடுத்த தலைமை என மூன்று நாடுகளும் சேர்ந்து வேலை பார்ப்பது வழக்கம். இணையதளம்கூட ஆண்டுக்கொரு முறை மாறிவிடும். பழைய அறிக்கைகளைத் தேடுபவர்கள் அரசுத் தளங்களை விட டொரோண்டோ பல்கலைக்கழகம் பராமரிக்கும் ஆவணத் தொகுப்பையே அதிகம் நம்பியிருக்கிறார்கள். உலகப் பொருளாதாரத்தில் சுமார் 85 விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் ஒரு குழுவுக்குச் சொந்தமாக ஓர் அலமாரிகூட இல்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இப்படி இருப்பது தற்செயல் அல்ல. 1973 மார்ச்சில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளின் நிதியமைச்சர்கள் வெள்ளை மாளிகையின் நூலக அறையில் சந்தித்தார்கள். பிறகு ஜப்பானும் சேர்ந்தது. அந்த அமைச்சர்களில் இருவர், பிரான்சின் ஜிஸ்கார் தெஸ்தானும் ஜெர்மனியின் ஹெல்முட் ஷ்மிட்டும், 1974இல் தத்தம் நாட்டின் தலைமைக்கு வந்தார்கள். அந்த நூலக அறைப் பேச்சின் பாணியைத் தலைவர்கள் மட்டத்துக்குக் கொண்டுவரும் முயற்சிதான் 1975 நவம்பரில் பாரிசுக்கு அருகிலுள்ள ராம்பூய்யே மாளிகையில் நடந்த முதல் மாநாடு. இத்தாலியையும் சேர்த்து ஆறு நாடுகள். 1976இல் கனடா வந்ததும் ஏழு. சிறிய அறை, குறைந்த ஆட்கள், மனம்விட்ட பேச்சு என்பதுதான் திட்டம். ஆனால் அந்த முதல் மாநாட்டிலேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உருப்படியான ஒரே பெரிய பலன், நாணய மாற்று விகிதம் பற்றி அமெரிக்காவும் பிரான்சும் எட்டிய உடன்பாடு. அதை எழுதி முடித்தவர்கள் அமெரிக்க நிதித்துறையின் எட்வின் யோ, பிரெஞ்சு நிதியமைச்சகத்தின் ஜாக் தெ லாரோசியேர் என்ற இரு அதிகாரிகள். தலைவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே வேலை முடிந்திருந்தது. தலைவர்கள் அதற்குத் தங்கள் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். 1976 ஜனவரியில் ஜமைக்கா கூட்டத்தில் அது பன்னாட்டு நிதியத்தின் விதித் திருத்தமாக ஏற்கப்பட்டு, 1978இல் நடைமுறைக்கு வந்தது. அதிகாரிகள் எழுதுவது, தலைவர்கள் ஒப்புவது, வேறொரு அமைப்பு சட்டமாக்குவது. இன்றுவரை வெற்றி பெற்ற முடிவுகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இதே வழியில்தான் போயிருக்கின்றன.

அந்த அதிகாரிகளுக்கு இப்போதைய பெயர் ஷெர்பா. மலையுச்சிக்கு ஏறுபவரின் சுமையைத் தூக்கும் இமயமலை மக்களின் பெயரை இரவல் வாங்கியிருக்கிறார்கள். ஷெர்பா என்பவர் தலைவரின் சொந்தப் பிரதிநிதி. தலைவரிடம் நேரடியாகப் போய் ‘இதில் விட்டுக்கொடுக்கலாமா’ என்று கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எவ்வளவு மூத்த அதிகாரியானாலும் பேச்சு மேசையில் அவருக்கு மதிப்பில்லை. ஜி20இல் இரண்டு தடங்கள் உண்டு. நிதித் தடத்தை நிதியமைச்சர்களும் மத்திய வங்கித் தலைவர்களும் நடத்துவார்கள்: வங்கிக் கட்டுப்பாடு, கடன், வரி, நாணயம். மற்றதெல்லாம், அதாவது வேளாண்மை, சுகாதாரம், எரிசக்தி, வேலைவாய்ப்பு, ஊழல் தடுப்பு போன்றவை, ஷெர்பா தடத்தில் வரும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பணிக்குழு, அதற்கு மேல் அமைச்சர்கள் கூட்டம், அதற்கு மேல் ஷெர்பாக்கள். இந்தியா தலைமை வகித்த 2023இல் நாடெங்கும் 60 நகரங்களில் 200க்கு மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. தொழிலதிபர்கள், தொழிற்சங்கங்கள், தொண்டு அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியோருக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. அவை பரிந்துரைகளைத் தரும். அந்தப் பரிந்துரைகளுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பது பெரும்பாலும் நடத்தும் நாட்டின் விருப்பம்.

கூட்டறிக்கை எழுதப்படும் விதம்தான் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் இடம். தலைமை நாடு முதல் வரைவைச் சுற்றுக்கு விடும். ஒரு நாட்டுக்கு ஒரு சொல் பிடிக்கவில்லையென்றால் அதைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் தன் மாற்றுச் சொல்லை எழுதும். இன்னொரு நாடு அதற்கும் ஓர் அடைப்பு போடும். சில வாரங்களில் ஒரே பத்தியில் ஐந்தாறு அடைப்புகள் நிற்கும். பேச்சுவார்த்தை என்பது இந்த அடைப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான். எளிய பத்திகளை முதலில் முடித்து ‘மூடிவிடுவார்கள்’. மூடிய பத்தியைத் திறப்பது பெரிய முரட்டுத்தனமாகக் கருதப்படும். கடைசி இரவுக்கு மிஞ்சுவது மூன்று நான்கு அடைப்புகள். அவை பெரும்பாலும் போர், வணிகம், பருவநிலை, பணம் சார்ந்தவை.

ஒத்துப்போகாத இடத்தை மறைக்கவும் பதிவு செய்யவும் தேர்ந்த உத்திகள் இருக்கின்றன. முதலாவது, சொல்லைத் தளர்த்துவது: ‘உறுதியளிக்கிறோம்’ என்பது ‘வரவேற்கிறோம்’ ஆகும், அதுவும் முடியாவிட்டால் ‘கவனத்தில் கொள்கிறோம்’ ஆகும். இரண்டாவது, தனிப் பத்தி: 2017 ஹாம்பர்க் ஜி20 அறிக்கையில் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகும் அமெரிக்காவின் முடிவு ஓரிடத்திலும், அந்த ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்க முடியாது என்ற மற்றவர்களின் நிலை அடுத்ததாகவும் எழுதப்பட்டன. மூன்றாவது, அடிக்குறிப்பு: 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த நிதியமைச்சர்கள் கூட்டத்தின் ஆவணத்தில், உக்ரைன் போர் பற்றிய 3, 4ஆம் பத்திகளை ரஷ்யாவும் சீனாவும் தவிர மற்ற அனைவரும் ஏற்றதாக அடிக்குறிப்பு போட்டார்கள். அந்தப் பத்திகளோ மூன்று மாதங்களுக்கு முன் இந்தோனேசியாவின் பாலியில் நடந்த ஜி20 மாநாட்டில் அவ்விரு நாடுகளும் ஒப்புக்கொண்டவை. நான்காவது, கடைசிப் புகலிடம்: எல்லோர் பெயரிலும் அறிக்கை வெளியிட முடியாதபோது நடத்தும் நாடு தன் பெயரில் மட்டும் ‘தலைமையின் சுருக்கவுரை’ வெளியிடும். 2025 ஜூனில் கனடாவின் கனனாஸ்கிஸில் நடந்த ஜி7 மாநாட்டில் முழுக் கூட்டறிக்கைக்கு முயலாமல், தலைமையின் சுருக்கவுரையோடு முக்கியக் கனிமங்கள், செயற்கை நுண்ணறிவு, காட்டுத்தீ என்று தலைப்புவாரியாகச் சிறு அறிக்கைகளை மட்டும் வெளியிட்டார்கள்.

பெங்களூரு முட்டுக்கட்டை அதே 2023 செப்டம்பரில் டெல்லி மாநாட்டில் எப்படி உடைந்தது என்பதைப் பாருங்கள். அப்போதைய இந்திய ஷெர்பா அமிதாப் காந்த் பின்னர் சொன்ன கணக்கு: 200 மணி நேரத்துக்கு மேல் பேச்சு, 300 இருதரப்புச் சந்திப்புகள், 15 வரைவுகள். இந்தோனேசியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் வரைவைத் தாங்கிப் பிடித்தன. இந்தியாவுக்கு முன் தலைமை வகித்த நாடு ஒன்று, பின்னால் வகிக்கவிருந்த நாடுகள் இரண்டு. அறிக்கை தோற்றால் தங்கள் தலைமையும் பலவீனமாகும் என்று அவர்களுக்குத் தெரியும். விளைவாக வந்த வாசகம், எந்த நாடும் வலிமையைப் பயன்படுத்தி நிலத்தைப் பிடிக்கக் கூடாது என்றது, ஆனால் ரஷ்யாவின் ஆக்கிரமிப்பு என்று பெயர் சொல்லவில்லை. 83 பத்திகளும் அடிக்குறிப்பே இல்லாமல் மாநாட்டின் முதல் நாளிலேயே நிறைவேறின. உக்ரைன் இதில் பெருமைப்பட எதுவுமில்லை என்றது. அந்த விமரிசனம் நியாயமானதே. ஒருமனதாக ஒரு தாள் வேண்டும் என்றால் அதன் விலை இதுதான். அந்த விலை சரியா என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

அப்படியானால் தலைவர்கள் எதற்கு? எஞ்சிய ஓரிரு அடைப்புகளைத் தலைவரால்தான் நீக்க முடியும், அது ஒன்று. அவர்கள் ஒரே இடத்தில் இருப்பதே பயன்படுகிறது என்பது இன்னொன்று. 2022 நவம்பர் 15 அன்று போலந்தின் எல்லைக் கிராமம் ஒன்றில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தபோது, அது ரஷ்யத் தாக்குதலா என்ற பதற்றம் எழுந்தது. பாலியில் கூடியிருந்த ஜி7, நேட்டோ நாடுகளின் தலைவர்கள் அங்கிருந்த விடுதியிலேயே மறுநாள் காலையில் அவசரமாகக் கூடிப் பேசி, விசாரணை முடியட்டும் என்று ஒரே குரலில் சொல்ல முடிந்தது. 2018இல் புவெனஸ் அயர்ஸ் ஜி20 முடிந்த மாலையில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் விருந்து மேசையில் அமர்ந்து சுங்கவரிப் போரை 90 நாள் நிறுத்திவைத்தார்கள். இவை எந்தக் கூட்டறிக்கையிலும் இருக்காது. ஒரு தலைவர் இன்னொருவரைத் தேடிப் போய்ச் சந்தித்தால் உள்நாட்டில் பணிந்துபோனார் என்பார்கள்; மாநாட்டுக்கு எல்லோரும் வந்திருப்பதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இனி, கட்டாயமில்லாத வாக்கை ஏன் காப்பாற்றுகிறார்கள். நல்லெண்ணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது விளக்கமாகாது. 1978இல் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் நடந்த ஜி7 மாநாடு இதற்குச் சிறந்த உதாரணம். மேற்கு ஜெர்மனி தன் தேசிய உற்பத்தியில் 1 விழுக்காடு வரை கூடுதலாகச் செலவிட்டுப் பொருளாதாரத்தைத் தூண்ட ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அமெரிக்கா, செயற்கையாகத் தாழ்த்தி வைத்திருந்த உள்நாட்டு எண்ணெய் விலையை 1980 முடிவுக்குள் உலக விலைக்கு உயர்த்துவதாகச் சொன்னது. இரண்டும் நடந்தன. காரணம், இரண்டு அரசுகளுக்குள்ளும் அதே கொள்கையை ஏற்கெனவே விரும்பிய ஒரு தரப்பு இருந்தது. தனியாகச் சொன்னால் வெல்ல முடியாத அந்தத் தரப்பு, ‘உலகத்துக்குக் கொடுத்த வாக்கு’ என்று சொல்லி வென்றது. வெளியிலிருந்து வரும் அழுத்தம் உள்ளே ஓர் ஆதரவாளரைக் கண்டுபிடிக்கும்போதுதான் வேலை செய்கிறது. உள்ளே அப்படி யாருமே இல்லாத விஷயத்தில் எத்தனை மாநாடு கூட்டினாலும் வாக்கு காகிதத்தில்தான் இருக்கும். (மறு ஆண்டே ஈரான் புரட்சியால் எண்ணெய் விலை ஏறி, அந்தக் கூடுதல் செலவு பணவீக்கத்தை வளர்த்தது என்று ஜெர்மானியர்கள் நெடுங்காலம் நொந்துகொண்டார்கள். வாக்கைக் காப்பாற்றுவது எப்போதும் நல்ல பலனைத் தரும் என்பதில்லை.)

இதைவிட நீடித்து நிற்கும் வழி, வேலையை நிரந்தர ஊழியர்களும் காலக்கெடுவும் உள்ள ஓர் அமைப்பிடம் கொடுத்துவிடுவது. 1989 பாரிஸ் மாநாட்டில் ஜி7 நாடுகள் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க எஃப்ஏடிஎஃப் என்ற செயற்குழுவை அமைத்தன. அதற்கும் ஒப்பந்தம் கிடையாது. 1990இல் 40 பரிந்துரைகளை எழுதியது. 2001க்குப் பிறகு பயங்கரவாத நிதித் தடுப்பையும் சேர்த்துக்கொண்டது. அதன் பலம் அது வைத்திருக்கும் பட்டியல்களில் இருக்கிறது. ஒரு நாட்டின் சட்டத்தையும் வங்கி நடைமுறையையும் பிற நாட்டு வல்லுநர்கள் வந்து மதிப்பிடுவார்கள். குறை தீராவிட்டால் சாம்பல் பட்டியலில் சேர்ப்பார்கள். பட்டியலில் உள்ள நாட்டோடு பணம் பரிமாறும் வெளிநாட்டு வங்கிகள் கூடுதல் சோதனை செய்யும், சில ஒதுங்கியே போகும். பாகிஸ்தான் 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை அந்தப் பட்டியலில் இருந்து, வெளியேறுவதற்காகப் பல சட்டங்களைத் திருத்தியது. வங்கியில் கணக்குத் தொடங்கும்போது அடையாள ஆவணமும் முகவரிச் சான்றும் கேட்கிறார்களே, உலகெங்கும் அது ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இந்தப் பரிந்துரைகள்தான்.

வங்கி மூலதன விதிகளும் இப்படித்தான். 2008 நெருக்கடியில் ஜி20 தலைவர்கள் முதன்முறையாக வாஷிங்டனில் கூடினார்கள். அதுவரை, 1999 முதல், அது நிதியமைச்சர்களின் கூட்டம் மட்டுமே. 2009இல் லண்டனிலும் பிட்ஸ்பர்க்கிலும் வங்கிகளின் மூலதனத்தை உயர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். எத்தனை விழுக்காடு என்பதைத் தலைவர்கள் எழுதவில்லை. பல நாட்டு வங்கிக் கட்டுப்பாட்டாளர்கள் அடங்கிய பாசல் குழு எழுதியது: இடர் எடை போட்ட (எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கேற்பக் கணக்கிட்ட) சொத்துக்களில் அடிப்படைப் பங்கு மூலதனம் 4.5 விழுக்காடு, அதற்கு மேல் 2.5 விழுக்காடு காப்பு. 2010 நவம்பரில் சியோல் மாநாடு ஒப்பியது. பிறகு ஒவ்வொரு நாட்டின் வங்கிக் கட்டுப்பாட்டாளரும் தன் விதியாக வெளியிட்டார். இதில் நாடாளுமன்றத்தின் பங்கு பெரிதாக இல்லை. அதனால்தான் இவ்வளவு வேகமாக நடந்தது. ஜனநாயக நோக்கில் இது ஒரு குறை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சங்கடம் உண்டு.

ஒரே மாநாட்டில் இரண்டு வாக்குகள் இரண்டு விதமாகப் போனதற்கு 2005இல் ஸ்காட்லாந்தின் கிளெனீகல்ஸில் நடந்த ஜி8 (அப்போது ரஷ்யாவும் சேர்ந்திருந்த ஜி7) மாநாட்டை விட நல்ல சான்று கிடைக்காது. மிகவும் கடன்பட்ட ஏழை நாடுகள் பன்னாட்டு நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கிக்கும் தர வேண்டிய கடனை முழுதாகத் தள்ளுபடி செய்வது ஒரு வாக்கு. அது அந்த நிறுவனங்களின் வாரியங்களுக்குப் போயிற்று, அங்கே ஜி8 நாடுகளுக்கு ஓட்டு வலிமை இருந்தது, 2006 ஜனவரியிலேயே நிதியம் 19 நாடுகளின் கடனைத் துடைத்தது. இன்னொரு வாக்கு, 2010க்குள் ஆப்பிரிக்காவுக்கான உதவியை ஆண்டுக்கு 25 பில்லியன் டாலர் உயர்த்துவது. அது ஒவ்வொரு நாட்டின் அடுத்தடுத்த பட்ஜெட்டையும் நம்பியிருந்தது. அதில் பாதிகூட வந்து சேரவில்லை. நாடாளுமன்றம் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிதியத்தின் பங்குத்தொகைச் சீர்திருத்தத்தைப் பாருங்கள்: வளரும் நாடுகளுக்குக் கூடுதல் இடம் என்று 2010 சியோலில் ஜி20 ஒப்பியது, அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்புதல் தந்தது 2015 டிசம்பரில், நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில்.

உடனடியாக முறிந்த வாக்குகளும் உண்டு. 2008 நவம்பரில், அடுத்த 12 மாதங்களுக்குப் புதிய வணிகத் தடைகளைப் போட மாட்டோம் என்று ஜி20 தலைவர்கள் சொன்னார்கள். 2009 மார்ச்சுக்குள் அவர்களில் 17 நாடுகள் 47 தடை நடவடிக்கைகளை எடுத்துவிட்டதாக உலக வங்கி எண்ணிச் சொன்னது. இங்கே பொறுப்பாளர் இல்லை, பட்டியலும் இல்லை, உள்நாட்டுத் தொழில்களின் அழுத்தமோ பெரிது. 2009இல் பிட்ஸ்பர்க்கில் புதைபடிவ எரிபொருள் மானியங்களை ‘நடுத்தரக் காலத்தில்’ படிப்படியாக நீக்குவதாகச் சொன்னதும் இதே கதை. ஆண்டைக் குறிக்காத வாக்கு, கெடு தாண்டவே தாண்டாது.

வேகமாக உண்டாவது வேகமாகக் கரையவும் செய்யும். பெரும் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி என்பதை 2021 ஜூனில் ஜி7 நிதியமைச்சர்கள் லண்டனில் ஏற்றார்கள். அக்டோபருக்குள் 136 நாடுகள் சம்மதித்தன. ஒப்பந்தம் எழுதியிருந்தால் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் அமெரிக்கா அதற்கான சட்டத்தை நிறைவேற்றவே இல்லை, 2025 ஜூனில் அதே ஜி7, அமெரிக்க நிறுவனக் குழுமங்களுக்கு முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்கு தருவதாக அறிவித்தது. ரஷ்ய எண்ணெய்க்கான விலை வரம்பும் ஏறக்குறைய அப்படித்தான். 2022 டிசம்பர் 5 முதல் பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் விற்கப்படும் எண்ணெயை ஏற்றும் கப்பலுக்கு ஜி7 நாடுகளின் காப்பீடு கிடைக்காது என்றார்கள். உலகக் கடல் காப்பீட்டின் பெரும்பகுதி அந்நாடுகளில் இருந்ததால் யோசனை கூர்மையானதே. ரஷ்யா பழைய கப்பல்களை வாங்கி வேறு காப்பீட்டோடு ஓட்டத் தொடங்கியது. 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பை 47.6 டாலராகக் குறைத்தபோது பிரிட்டன் சேர்ந்துகொண்டது, அமெரிக்கா சேரவில்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆவணங்களில் உள்ளவை. சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். 2009 லண்டன் மாநாடு பெருமந்தத்தைத் தடுத்தது என்று அடிக்கடி சொல்கிறார்கள். அறிவித்த தொகை 1.1 டிரில்லியன் டாலர்: நிதியத்துக்கு 500 பில்லியன், சிறப்பு எடுப்புரிமை (நிதியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வழங்கும் இருப்புச் சொத்து) 250, வணிகக் கடனுக்கு 250, வளர்ச்சி வங்கிகளுக்கு 100. இதில் ஜப்பானின் 100 பில்லியன் டாலரும் ஐரோப்பாவின் 75 பில்லியன் யூரோவும் முன்பே அறிவித்தவை. சிறப்பு எடுப்புரிமை ஆகஸ்டில் உண்மையாகவே வழங்கப்பட்டது. ஆனால் மாநாடு இல்லாவிட்டாலும் சீனாவும் அமெரிக்காவும் தத்தம் ஊக்கத் திட்டங்களைச் செய்திருக்கும். அவை மாநாட்டுக்கு முன்பே தொடங்கியிருந்தன. சந்தைகளுக்கு அந்த அறிவிப்பு கொடுத்த தெம்பு எவ்வளவு என்பதைப் பிரித்தளக்க வழியில்லை. எத்தனை விழுக்காடு வாக்குகள் நிறைவேறின என்று ஆய்வாளர்கள் தரும் மதிப்பெண்களையும் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். எப்படியும் செய்யவிருந்ததை வாக்காக எழுதிக்கொண்ட நாட்டுக்கு அதில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

உறுப்பினர் விவகாரமும் இதே தளர்வின் மறுபக்கம். விதி இல்லாததால் சேர்ப்பதும் விலக்குவதும் அன்றைய அரசியல். 1998இல் ஜி8இல் முழுதாகச் சேர்ந்த ரஷ்யாவை, 2014இல் கிரிமியாவை இணைத்துக்கொண்டதும் மற்ற எழுவரும் சோச்சி மாநாட்டுக்குப் போகாமல் பிரசல்ஸில் கூடி, குழுவிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஜி20இல் அதைச் செய்ய முடியவில்லை. அந்த ஆண்டே பிரிக்ஸ் வெளியுறவு அமைச்சர்கள் ஹேக் நகரில், ஜி20 எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாகச் சொந்தமானது என்று அறிக்கை விட்டார்கள். 2025 நவம்பரில் ஜொகன்னஸ்பர்க் ஜி20ஐ அமெரிக்கா புறக்கணித்தது, மற்றவர்கள் அது இல்லாமலே அறிக்கையை ஏற்றார்கள். 2026க்கான தலைமையை ஏற்கவிருந்த நிலையில், தென்னாப்பிரிக்காவுக்கு அழைப்பு இல்லை என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். அதைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது. பிரிக்ஸ் இன்னொரு பாடம் தருகிறது. 100 பில்லியன் டாலர் அனுமதி மூலதனத்தோடு 2014இல் புதிய வளர்ச்சி வங்கியை ஒப்பந்தம் போட்டே நிறுவினார்கள், அது ஷாங்காயில் இயங்கி வருகிறது. 2024 முதல் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், அமீரகம், இந்தோனேசியா என்று குழு விரிந்ததும் ஒருமனம் கடினமானது. 2025 ஏப்ரலில் ரியோவில் கூடிய வெளியுறவு அமைச்சர்களால் ஐ.நா. பாதுகாப்பு அவைச் சீர்திருத்த வாசகத்தில் உடன்பட முடியாமல், தலைமையின் அறிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த மாநாட்டுச் செய்தியைப் படிக்கும்போது இந்த வரிசையில் பாருங்கள். முதலில், வெளிவந்திருப்பது கூட்டறிக்கையா, தலைமையின் சுருக்கவுரையா? சுருக்கவுரை என்றால் அதில் உள்ளது நடத்திய நாட்டின் கருத்து மட்டுமே, யாரையும் அதைக் காட்டிக் கேள்வி கேட்க முடியாது. கூட்டறிக்கை என்றால் ஒவ்வொரு வாக்கிலும் தொகை, ஆண்டு, பொறுப்பு ஏற்கும் அமைப்பின் பெயர் ஆகிய மூன்றையும் தேடுங்கள். மூன்றும் இருக்கும் பத்திகள் பெரும்பாலும் நிதித் தடத்தில்தான் கிடைக்கும். தொகை இருந்தால் அது புதிய பணமா, முன்பே அறிவித்ததா என்று முந்தைய ஆண்டு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். ‘தத்தம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ப’ என்ற தொடர் வரும் இடத்தில் யாரோ ஒருவர் விலக்கு வாங்கியிருக்கிறார். சென்ற ஆண்டு இருந்து இந்த ஆண்டு காணாமல் போன பத்திகளையும் பாருங்கள், சண்டை நடந்த இடம் பெரும்பாலும் அதுதான். அதன் பிறகு ஆறு மாதம் கழித்து, பொறுப்பு ஏற்ற அமைப்பின் பக்கத்துக்குப் போய் அதன் வாரியம் அதே விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் எடுத்திருக்கிறதா என்று தேடுங்கள். எடுத்திருந்தால் அந்த வாக்கு இன்னும் உயிரோடிருக்கிறது.